புகைபிடித்தலும் நுரையீரல் நலமும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

புகைபிடித்தல் என்பது பீடி, சிகரெட், சுருட்டு முதலியவற்றில் உள்ள புகையிலையை எரித்து, அதன் புகையை உள்ளிழுக்கும் பழக்கம் ஆகும். இப்புகை முதலில் தாக்கும் உறுப்பு நுரையீரல். அங்கிருந்து இரத்தத்தில் கலந்து இதயம், மூளை, கால், கண், சிறுநீர்ப்பை என உடலின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளையும் அது பாதிக்கிறது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2016-17-இல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

புகையின் தீங்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அது எந்த நுரையீரலுக்குள் போகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். சேலம், நாமக்கல் சமவெளி லாரி, விசைத்தறி, நூற்பாலை, ஆழ்துளைக் கிணறு, கல்குவாரி, வெள்ளைக்கல் சுரங்கம் ஆகிய தொழில்களால் வாழும் பகுதி. இங்கு உழைப்பவர்களில் பலரின் நுரையீரல் தூசையும் டீசல் புகையையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் புகையிலைப் புகையும் சேரும்போது பாதிப்பு பெருகுகிறது. இக்கட்டுரை புகைபிடித்தலின் தீங்குகளை இப்பகுதியின் வாழ்க்கைச் சூழலோடு சேர்த்து விளக்குகிறது.

புகையில் இருப்பவை

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. முக்கியமானவை மூன்று.

நிக்கோட்டின்: பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள். புகையை இழுத்த சில நொடிகளிலேயே மூளையை அடைந்து, சிறிது நேரம் நீடிக்கும் சுறுசுறுப்பு உணர்வைத் தருகிறது. அதன் அளவு இரத்தத்தில் குறையும்போது எரிச்சலும் தவிப்பும் தோன்றுகின்றன. அடுத்த பீடியைக் கை தேடுவது இதனால்தான்.

கார்பன் மோனாக்சைடு: நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் எளிதாக இது இணைகிறது. எனவே புகைபிடிப்பவரின் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது.

தார்: புகை குளிரும்போது படியும் பழுப்பு நிறப் பிசின். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இதில் அடங்கியுள்ளன. நெடுநாள் புகைபிடிப்பவரின் விரலிலும் பல்லிலும் காணப்படும் கறை, நுரையீரலுக்குள் படிவதன் வெளி அடையாளமே.

நுரையீரலின் தற்காப்பு குலைதல்

மூக்கு வழியே செல்லும் காற்று மூச்சுக்குழல், அதன் கிளைக்குழல்கள், நுண் கிளைக்குழல்கள் வழியாகக் காற்று நுண்ணறைகளை அடைகிறது. இந்த நுண்ணறைகளின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது சுமார் 750 சதுர அடி வீட்டின் தரை அளவுக்கு வரும். இவ்வளவு பெரிய பரப்பில்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் செல்கிறது; கரியமில வாயு வெளியேறுகிறது.

காற்றோடு வரும் தூசையும் கிருமிகளையும் தடுக்க நுரையீரலில் இரண்டு காவல்கள் உள்ளன. முதலாவது, காற்றுக்குழல்களின் உட்சுவரில் இருக்கும் குறு இழைகள். இவை வயலில் நாற்று அசைவதுபோல ஒரே திசையில் ஓயாமல் அசைந்து, தூசு ஒட்டிய சளியைத் தொண்டை வரை மேலே தள்ளுகின்றன. இரண்டாவது, நுண்ணறைகளில் உலாவும் விழுங்கு செல்கள். குறு இழைகளைத் தாண்டி வரும் நுண்துகள்களையும் கிருமிகளையும் இவை விழுங்கி அழிக்கின்றன.

புகையிலைப் புகை இரண்டையும் கெடுக்கிறது. குறு இழைகள் முதலில் செயல் குன்றி, நாளடைவில் அழிகின்றன. சளி சுரப்பிகளோ எரிச்சலால் பருத்து, வழக்கத்தைவிட அதிகச் சளியைச் சுரக்கின்றன. சளி கூடுகிறது, அதை வெளியேற்றும் ஏற்பாடு இல்லை. இருமி வெளியேற்றுவது ஒன்றே வழியாகிறது. காலையில் எழுந்ததும் வரும் 'புகை இருமல்' இதன் விளைவு. இதைப் பலர் பழக்கத்தோடு ஒட்டிய இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது நுரையீரல் தன் தற்காப்பை இழந்துவருவதன் முதல் அறிகுறி.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்

பல ஆண்டுகள் புகைபிடிப்பவர்களுக்கு ஏற்படும் முக்கிய நோய் இது. இதில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நிகழ்கின்றன. காற்றுக்குழல்கள் அழற்சியால் வீங்கிச் சுருங்குகின்றன. நுண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, பல சிறிய அறைகள் சில பெரிய பைகளாகிவிடுகின்றன. இதனால் வாயுப் பரிமாற்றம் நிகழும் பரப்பு குறைகிறது. நுரையீரலின் மீள்தன்மையும் போகிறது. உள்ளே சென்ற காற்றை முழுமையாக வெளியே விட முடியாமல் நோயாளி திணறுகிறார்.

இந்நோய் சத்தமின்றி வளர்வது. மனிதரின் நுரையீரல் திறன் இருபத்தைந்து, முப்பது வயதுக்குப் பிறகு எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் குறையும். புகையால் பாதிக்கப்படுவோருக்கு அந்தச் சரிவு வேகமாகிறது. நுரையீரலுக்கு இயற்கையிலேயே கூடுதல் கொள்ளளவு இருப்பதால், பாதியளவு இழக்கும் வரையிலும் அன்றாட வேலையில் பெரிய சிரமம் தெரியாமல் போகலாம். படி ஏறும்போது மூச்சு வாங்குவதை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்குவது வழக்கம். மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கும். ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமீட்டர் என்ற எளிய கருவியால் இதை முன்கூட்டியே அறியலாம். சிதைந்த நுண்ணறைகள் மீண்டும் வளர்வதில்லை. ஆனால் புகைப்பதை நிறுத்தினால் சரிவின் வேகம் குறைகிறது.

விறகு அடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே புகைபிடிக்காதவருக்கு நெடுநாள் இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தாலும் பரிசோதனை தேவை.

தூசும் புகையும் சேரும்போது

சேலத்தையும் நாமக்கல்லையும் இணைத்துச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சரக்குப் போக்குவரத்தின் முக்கியத் தடம். லாரித் தொழிலுக்கும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் நாமக்கல் நாடெங்கும் பெயர் பெற்றது. நாள்கணக்கில் வண்டியிலேயே வாழும் ஓட்டுநர்களில் பலர் இரவுத் தூக்கத்தை விரட்டவே பீடியையும் சிகரெட்டையும் நாடுகின்றனர். நிக்கோட்டின் தரும் விழிப்பு சிறிது நேரமே நிற்கும். இழந்த தூக்கத்தை அது ஈடு செய்வதில்லை. ஓட்டுநர் சுவாசிக்கும் காற்றில் டீசல் புகையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே வகையில் உள்ளது.

திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர். இவ்வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. கம்ப்ரசர் காற்றின் விசையில் பாறையைத் துளைக்கும்போது கல்மாவு மேகம்போல் எழும். கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் இதே நிலைதான். இத்தூசில் உள்ள நுண்ணிய சிலிக்கா துகள்கள் நுண்ணறை வரை சென்று தழும்பை உண்டாக்கும் நோய் சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிக அதிகம்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் பகுதிகளில் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் உள்ளன. பஞ்சுத் தூசை, குறிப்பாக நூற்பின் தொடக்கப் பிரிவுகளில், பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களுக்குப் பிசினோசிஸ் என்ற மூச்சு நோய் வரலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் அடையாளம். புகைபிடிப்பவர்களிடம் இது கூடுதலாகவும் கடுமையாகவும் காணப்படுகிறது.

இவற்றுக்கிடையே ஒரு பொதுக் கணக்கு உண்டு. தூசைத் துடைத்து வெளியேற்றுவது குறு இழைகளின் வேலை. அவற்றை முடக்குவது புகையின் வேலை. எனவே ஒரே கல்குவாரியில் ஒரே தூசைச் சுவாசிக்கும் இருவரில், புகைபிடிப்பவரின் நுரையீரலில் தூசு நெடுநேரம் தங்குகிறது. சில வேளைகளில் இரு தீங்குகளும் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாகவே சேர்கின்றன. அமெரிக்காவில் கல்நார் தொழிலாளர்களிடம் நடந்த புகழ்பெற்ற ஆய்வு 1979-இல் வெளியானது. இரண்டு தீங்குகளும் இல்லாதவரோடு ஒப்பிட, நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் கல்நாரால் மட்டும் சுமார் 5 மடங்காகவும், புகைபிடித்தலால் மட்டும் சுமார் 10 மடங்காகவும், இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேலும் இருந்தது.

இதனால் பொறுப்பு முழுவதும் தொழிலாளியைச் சேர்ந்தது என்று பொருளாகாது. நீர் தெளித்துத் துளையிடுதல், தூசு உறிஞ்சும் கருவிகள், தகுந்த முகக்கவசம், ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை ஆகியவை பணியிடத்தின் கடமைகள். புகையை விடுவது தூசைக் குறைக்காது. தூசைச் சமாளிக்கும் ஆற்றலை நுரையீரலுக்குத் திருப்பித் தரும்.

காசநோயுடன் உள்ள தொடர்பு

புகைபிடித்தல் என்றதும் புற்றுநோயே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வேறொரு நோயைச் சுட்டிக்காட்டியது. சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோரும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு, 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. 1990-களின் பிற்பகுதியில் இறந்த 43,000 ஆண்களின் புகைப் பழக்கம், உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிடப்பட்டது. நகர்ப்புறத் தரவு சென்னையிலிருந்தும், ஊர்ப்புறத் தரவு விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் திரட்டப்பட்டன. சேலம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள கள்ளக்குறிச்சிப் பகுதி அன்று விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

25 முதல் 69 வயது வரையிலான நகர்ப்புற ஆண்களில், புகைத்தவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. காசநோயால் இறக்கும் அபாயமோ சுமார் நான்கரை மடங்கு. கூடுதலாக நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்களாலும், அவற்றுள் முதன்மையாகக் காசநோயாலும், மற்றொரு மூன்றில் ஒரு பங்கு இதய, இரத்தக்குழாய் நோய்களாலும் ஏற்பட்டன. புற்றுநோயின் பங்கு சுமார் 11 விழுக்காடுதான். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இறப்புக்குப் புகைபிடித்தலே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

காரணம் எளிது. இந்தியாவில் மிகப் பலரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கும் நிலையில் உள்ளது. விழுங்கு செல்கள் வலுவாக இருக்கும் வரை பெரும்பாலோருக்கு அது நோயாக மாறுவதில்லை. புகை அந்தக் காவலைத் தளர்த்தும்போது கிருமி விழித்துக்கொள்கிறது. நோய் வந்தவர் இருமும்போது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவுகிறது. ஆகவே ஒருவர் பிடிக்கும் பீடி, அதைத் தொட்டறியாத குடும்பத்தினருக்கும் காசநோயைக் கொண்டுவரக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து உட்கொள்ளும் காலத்தில் புகைபிடித்தால் குணமாவது தாமதமாகும். நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும்.

பிற உறுப்புகளுக்கு ஏற்படும் தீங்குகள்

புற்றுநோய்: நுரையீரல் மட்டுமல்லாமல் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், இரைப்பை, கணையம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கருப்பை வாய் ஆகியவற்றிலும் புற்றுநோயின் அபாயத்தைப் புகைபிடித்தல் கூட்டுகிறது.

இதயமும் மூளையும்: இரத்தக்குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து கொழுப்பு படிகிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இதன் விளைவுகள். நாளுக்கு ஓரிரு சிகரெட் மட்டுமே பிடிப்பவருக்கும் இதய அபாயம் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது.

கால்கள்: புகைபிடிக்கும் இளம் ஆண்களுக்கு வரும் பர்ஜர் நோயில் கால், கை விரல்களின் இரத்தக்குழாய்கள் அடைபட்டு, விரல் கறுத்து அழுகும். புகையிலையை முற்றிலும் விடாவிட்டால் உறுப்பை அகற்ற நேரிடும்.

நீரிழிவு: புகைபிடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு வரை அதிகம். நீரிழிவு உள்ளவர் புகைபிடித்தால் காலில் புண் ஆறாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை விரைவில் வருகின்றன.

இனப்பெருக்கம்: ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடும் விந்தணுக் குறைபாடும் ஏற்படலாம். கருவுற்ற பெண் புகையைச் சுவாசித்தால் குழந்தையின் பிறப்பு எடை குறையலாம்.

பீடி பற்றிய தவறான எண்ணம்

பீடி இலையால் சுற்றியது, காகிதம் இல்லாதது, அளவில் சிறியது; எனவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. நெருப்பு அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஆகவே புகையிலை குறைவாக இருந்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே செல்கின்றன. 2008-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' பிரபாத் ஜா உள்ளிட்டோர் வெளியிட்ட இந்திய ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் தம் ஆயுளில் இழக்கின்றனர். இறப்புகளில் பெரும்பகுதி 30 முதல் 69 வயதுக்குள், அதாவது குடும்பத்தைத் தாங்கும் வயதில் நிகழ்கிறது.

பிறர் விடும் புகை

புகைபிடிப்பவரின் அருகில் இருப்பவர், எரியும் முனையிலிருந்து எழும் புகையையும் அவர் வெளிவிடும் புகையையும் சுவாசிக்கிறார். குழந்தைகளுக்கு ஆஸ்துமா, நிமோனியா, காதுத் தொற்று ஆகியவை இதனால் கூடுகின்றன. பெரியவர்களுக்கு இதய நோயும் நுரையீரல் புற்றுநோயும் வரலாம். கண்ணாடி ஏற்றிய லாரியில் ஓட்டுநர் புகைத்தால் உதவியாளரும் புகைக்கிறார். வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் தறிக்குடும்பங்களில், தறி ஓட்டுபவர் விடும் புகை தொட்டில் வரை செல்கிறது. சன்னலைத் திறப்பதோ மின்விசிறியைச் சுழலவிடுவதோ இதற்குப் போதிய தடுப்பு அல்ல.

சட்டங்கள்

பொது இடங்களில் புகைபிடிப்பதையும் எச்சில் துப்புவதையும் தடை செய்யத் தமிழ்நாடு 2002-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2003-ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. பொது இடத் தடைக்கான திருத்திய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொட்டலங்களின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெறுகிறது. மின்சிகரெட்டு 2019-இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. எனினும் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டாக வாங்கி, அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைப்பவர் அந்த எச்சரிக்கைப் படத்தைப் பார்ப்பதே இல்லை.

புகைப்பதை விடுவதன் பலன்கள்

நிறுத்திய 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு சீராகத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு அளவுக்கு இறங்குகிறது. ஒன்று முதல் ஒன்பது மாதங்களில் குறு இழைகள் மீண்டு இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் இதய நோயின் கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடுகையில் சுமார் பாதியாகிறது. முதல் சில வாரங்களில் சளியும் இருமலும் சிலருக்குக் கூடலாம். குறு இழைகள் மீண்டும் வேலை தொடங்குவதால் நேர்வது இது. 'விட்டதும் உடம்பு கெட்டது' என்று கருதித் திரும்பப் புகைக்கக் கூடாது.

பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951-இல் தொடங்கிய மருத்துவர்கள் பற்றிய ஆய்வு, ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய 10 ஆண்டுகளையும் மீட்டனர். 'இனி விட்டு என்ன பயன்' என்ற கேள்விக்கு இந்த எண்களே விடை.

விடுவதற்கான வழிகள்

புகைப்பதை விட முடியாமல் தவிப்பது மன உறுதிக் குறைவு மட்டுமன்று. நிக்கோட்டின் அடிமைத்தனம் ஒரு மருத்துவச் சிக்கல். தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, சில வாரங்களில் தணியும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் தண்ணீர் அருந்துவது, சிறிது நடப்பது, கடலை அல்லது ஏலக்காய் மெல்வது ஆகியவை உதவும். தேநீர்க் கடை, சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரம், இரவு ஓட்டம் எனப் பழக்கத்தைத் தூண்டும் இடங்களை முன்கூட்டியே அறிந்து மாற்று ஏற்பாடு செய்வது நல்லது. புகைக்குப் பதிலாகப் புகையிலை மெல்லுவது தீர்வல்ல. அது வாய்ப்புற்றுநோய்க்கு வழிவகுக்கும்.

நிக்கோட்டின் மிட்டாய்ப் பசை, தோலில் ஒட்டும் பட்டை, மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரைகள் ஆகியவை வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண் புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிடப்படுகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் நுரையீரல் நோய்களுக்கு இப்பகுதி மக்கள் அணுகக்கூடிய அரசு நிறுவனங்கள். பலர் இரண்டு மூன்று முறை முயன்ற பிறகே முழுமையாக விடுகின்றனர். ஒருமுறை தவறியது தோல்வியன்று. அடுத்த முயற்சிக்கு எந்த நேரம், எந்த இடம் தடுக்கிவிழச் செய்தது என்பதைக் காட்டும் அனுபவம் அது.